புதுக்கோட்டை ராஜா கரம்பிடித்த ஆஸ்திரேலியப் பெண்!

திருச்சி தில்லை நகரிலிருந்து கிளம்பி, விமான நிலையத்தைத் தாண்டி மாத்தூர், கீரனூர் வழியாகப் போனால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் புதுக்கோட்டை வந்துவிடும். நூல் பிடித்தாற்போல நேராக ஓடும் ராஜ வீதிகளைப் பார்த்ததுமே, ஒரு காலத்தில் இது தனி சமஸ்தானத்தின் தலைநகரம் என்பது புரிந்துவிடும். இந்த ஊர் மன்னரைக் கைப்பிடித்த ஒரு வெள்ளைக்காரப் பெண், சில மாதங்கள் மட்டுமே இங்கே வாழ்ந்துவிட்டுப் போனார். அவர் பெயர் மோலி ஃபிங்க்.

தொண்டைமான்களின் கதையே ஒரு கல்யாணத்தில்தான் தொடங்குகிறது. ராமநாதபுரம் கிழவன் சேதுபதி, ரகுநாதராயத் தொண்டைமானின் சகோதரி காதலி நாச்சியாரை மணந்தார். மைத்துனருக்குப் புதுக்கோட்டைப் பகுதியைக் கொடுத்தார். ஒரு கல்யாணத்தால் கிடைத்த ராஜ்யத்தை, இருநூறு வருடங்களுக்குப் பிறகு இன்னொரு கல்யாணம் ஆட்டிவைத்தது!

மெல்போர்னில் ஒரு கல்யாணம்

1875ல் பிறந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், 1886ல் சிறுவனாக இருக்கும்போதே பட்டத்துக்கு வந்தவர். ஆங்கிலேய ஆசிரியரிடம் படித்தவர். வெளிநாட்டுப் பயணம், குதிரைப் பந்தயம் என்றால் அவருக்கு உயிர். 39 வயதுவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1915ல் ஆஸ்திரேலியா போனவர், அங்கே மோலியைச் சந்தித்தார். மெல்போர்ன் நகரத்து வழக்கறிஞரின் மகள் மோலி. அரச குடும்பமோ பிரபு வம்சமோ அல்ல. வயது 20. அந்த வருடம் ஆகஸ்ட் 10ஆம் தேதி மெல்போர்னில் இருவருக்கும் பதிவுத் திருமணம் நடந்தது.

வருட இறுதியில் தம்பதி ஊருக்கு வந்தார்கள். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு அப்போது ரயில் கிடையாது. சாலை வழியாக வந்து சேர்ந்த புது ராணியை ஊர் மக்கள் வரவேற்றார்கள். முகம் சுளித்தது ஆங்கிலேய அரசுதான்.

'ராணி' என்று சொல்லக் கூடாது!

அந்த நாளில் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு பிரிட்டிஷாரின் அரசியல் ஏஜென்ட், திருச்சி கலெக்டர். அரண்மனையில் என்ன நடந்தாலும் தகவல் திருச்சி வழியாகத்தான் மேலே போகும். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இந்திய மன்னரின் மனைவியாக வாழ்வதையும், அவள் பெற்ற பிள்ளை நாளை பட்டத்துக்கு வருவதையும் மேலிடத்தால் ஏற்க முடியவில்லை. மன்னர் ஐந்தாம் ஜார்ஜே இந்தத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தார். 'ஹெர் ஹைனஸ்' என்ற பட்டம் மோலிக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இதற்கிடையே மோலி கர்ப்பமானார். அவருக்கு அரளி விஷம் கொடுக்கப்பட்டதாகப் பேச்சு எழுந்தது. இனி இங்கே இருப்பது ஆபத்து என்று, 1916 ஏப்ரலில் இருவரும் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிவிட்டார்கள். ஜூலையில் சிட்னியில் மகன் பிறந்தான். தந்தையின் பெயரோடு பிறந்த ஊரின் பெயரும் சேர, குழந்தைக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயரிட்டார்கள். ஆனால், அரியணைக்கு உரிமை இல்லை என்று கைவிரித்துவிட்டது அரசு.

மனைவி, மகன் ஒரு பக்கம். ராஜ்யம் இன்னொரு பக்கம். மன்னர் குடும்பத்தின் பக்கம் நின்றார். 1922ல் சகோதரர் ரகுநாத பல்லவராயர் ரீஜென்ட் ஆகி ஆட்சியைக் கவனித்துக்கொண்டார். மன்னர் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டார். பிரான்ஸின் கான் நகரத்தில் அவர்களுக்கு ஒரு மாளிகை இருந்தது. மோலி அங்கே நாகரிக உலகின் பிரபலம். புகழ்பெற்ற புகைப்படக்காரர் செசில் பீட்டன் அவரைப் படம் எடுத்திருக்கிறார்.

1928 மே மாதம் பாரிஸில் மன்னர் காலமானார். சொந்த மண்ணில் இறுதிச் சடங்கு நடக்கவில்லை. லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் தகனம் நடந்தது. புதுக்கோட்டையில் ராஜகோபாலத் தொண்டைமான் என்ற ஆறு வயதுச் சிறுவன் அரியணை ஏறினார். சிட்னிக்கு அப்போது வயது 12.

மோலி 1967ல் கானில் மறைந்தார். சிட்னி 1984ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் காலமானார்.

இன்றைக்குப் போனால்...

1948 மார்ச் 3ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974ல் தனி மாவட்டமானது. ராஜகோபாலத் தொண்டைமான் அளித்த அரண்மனையில்தான் இன்று கலெக்டர் அலுவலகம். அன்று ஒரு கலெக்டரின் கண்காணிப்பில் இருந்த ராஜ வம்சத்தின் மாளிகையில் இன்று மக்கள் மனுவோடு வரிசையில் நிற்கிறார்கள்!

திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோயில், தொண்டைமான்களின் குலதெய்வக் கோயில். சமஸ்தானத்தின் அம்மன் காசில் இருப்பவளும் இவள்தான். அருகிலேயே, மார்த்தாண்ட பைரவர் காலத்தில் 1910ல் தொடங்கிய அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் மற்ற நாட்களில் போகலாம்.

திருச்சிக்காரர்கள் காலையில் கிளம்பினால், எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே வீடு திரும்பிவிடலாம். அந்த ஒன்றரை மணி நேரத் தூரத்தைத்தான் சிட்னி தொண்டைமானால் வாரிசாகக் கடக்க முடியாமல் போனது.