எங்க வீட்டு உருளைக்கிழங்குப் பூ



இந்த மாதச் சுவர் இதழுக்குக் கட்டுரை கேட்டபோது தமிழ் ஐயா ஒரு கண்டிஷன் போட்டார்கள். "புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வராதே. உன் வீட்டில் நடந்ததை எழுது" என்றார்கள். எங்கள் வீட்டில் நடந்தது உருளைக்கிழங்குதான். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

எங்க ஆச்சியை உங்களில் பலருக்குத் தெரியும். பிச்சி, மல்லி, அரளி, கேந்தி, சம்பங்கி என்று எதைக் கொடுத்தாலும் பேசிக்கொண்டே கட்டுவாள். கை தன்பாட்டுக்கு ஓடும். மாணிக்க மாலையும் கட்டத் தெரிந்தவள். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, கல் பதித்த நகை மாதிரி வரிசையாகக் கோர்ப்பதுதான் மாணிக்க மாலை. 2025-இல் நம் தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்து ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "அது கிடக்கட்டும் மக்ளே, இன்னைக்கு அரளி என்ன விலை?" என்று கேட்டாள். அதுதான் எங்க ஆச்சி.

அந்த வருஷம் ஓணத்துக்கு முந்தின வாரம். சந்தையில் கேரளத்து வண்டிகள் நிற்க இடமில்லாத நேரம். காலையில் திண்ணையில் இருந்து பூ கட்டிக்கொண்டிருந்த ஆச்சியின் வலது கையிலிருந்து நார் நழுவி விழுந்தது. எடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஏதோ சொன்னாள், எங்களுக்கு விளங்கவில்லை. அப்பா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் நாகர்கோவிலுக்குக் கொண்டு போய்விட்டார். "பக்கவாதம். சீக்கிரம் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் உண்டாம். நண்பர்களே, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

ஆச்சி உயிரோடு வீட்டுக்கு வந்தாள். ஆனால் சாப்பாடுதான் பிரச்சினை ஆனது.

தொண்டைக்குள் மூச்சுக்கு ஒரு வழியும் சாப்பாட்டுக்கு ஒரு வழியும் இருக்கிறது என்று பாடத்தில் படித்திருக்கிறோம். ஆச்சிக்குத் தொண்டைத் தசை தளர்ந்துவிட்டதால் சாப்பாடு தப்பான வழியில் போய்விடுமாம். தண்ணீர் மாதிரி இருந்தாலும் ஆபத்து, கட்டியாக இருந்தாலும் ஆபத்து. கட்டி இல்லாமல் மசித்து, கெட்டியாக, உட்கார வைத்து, சின்னக் கரண்டியில் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

அம்மா சோறும் பருப்பும் காயும் சேர்த்து மிக்சியில் அடித்தாள். ஒரு கிண்ணத்தில் எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. ஆச்சி அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவள் பேச்சு குழறும், ஆனால் வசவு மட்டும் தெளிவாக வரும். "இது யாருக்கு? பூனைக்கா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தினமும் இதே கதைதான். ரெண்டு கரண்டிக்கு மேல் இறங்காது. மூன்று வாரத்தில் ஆச்சியின் வளையல் முழங்கை வரை ஏறியது. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் வைத்துத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அம்மா அடுப்படியில் நின்று அழுததை நான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டிலிருந்து மாமா போன் பண்ணினார். மாமாவுக்கு அங்கே ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. நான் நடந்ததைச் சொன்னேன். "மசிச்சுதானே கொடுக்கணும்? அதை ஏன் கூழா கொடுக்கிய? பூவா கொடு" என்றார். பிறகு ஒரு போட்டோ அனுப்பினார். வெள்ளைத் தட்டில் மசித்த உருளைக்கிழங்கு ரோஜாப்பூ மாதிரி சுருண்டு நின்றது. பெரிய விருந்தில் இறைச்சிக்குப் பக்கத்தில் தொட்டுக்க வைப்பார்களாம். பெயர் டச்சஸ் பொட்டேட்டோ. பிரான்சு நாட்டுச் சமையல். மசித்த கிழங்கில் வெண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்து, நட்சத்திர முனை வைத்த பையால் பிழிந்து, ஓவனில் சிவக்க விடுவார்கள். டச்சஸ் என்றால் பிரபு வீட்டு அம்மா, அதாவது நம்ம ஊர்ப் பேச்சில் துரைசாணி. "ஜப்பான்ல மெல்ல முடியாத வயசானவங்களுக்கு, மசிச்ச மீனைத் திரும்ப மீன் மாதிரியே அச்சுல வச்சுக் கொடுக்காங்க. பாத்தா திங்கத் தோணணும்லா?" என்றார் மாமா.

மறுநாள் சனிக்கிழமை. நான் அடுப்படிக்குள் போனேன்.

முதல் தடவை கிழங்கை அவித்து மிக்சியில் போட்டேன். ஒரே நிமிஷத்தில் பசை ஆகிவிட்டது. கரண்டியைத் தூக்கினால் கிண்ணமும் கூடவே வந்தது. இந்தச் சுவர் இதழை அதை வைத்தே ஒட்டியிருக்கலாம். திங்கட்கிழமை சயின்ஸ் டீச்சரிடம் காரணம் கேட்டேன். உருளைக்கிழங்கு செல்லுக்குள் மாவுச்சத்து இருக்கிறது. அவிக்கும்போது அது தண்ணீரை உறிஞ்சி உப்பும். மெதுவாக மசித்தால் செல்கள் உடையாமல் பிரியும். மிக்சி பிளேடு செல்களைக் கிழித்துவிடுவதால் மாவுச்சத்து வெளியே வந்து பசையாகிறது. இவ்வளவு நாளும் பரீட்சைக்காகப் படித்த பாடம், அன்றைக்குத்தான் எனக்கு உபயோகப்பட்டது.

இரண்டாம் தடவை கையால் மசித்து, கழுவிய பால் கவரில் அடைத்து, மூலையை வெட்டிப் பிழிந்தேன். உள்ளே இருந்த ஒரு சின்னக் கட்டி ஓட்டையை அடைத்தது. நான் இன்னும் அழுத்தினேன். கவர் பின்பக்கம் வெடித்து என் சட்டையெல்லாம் கிழங்கு. அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். "கவர் ஓட்டையில போகாத கட்டி ஆச்சி தொண்டையில மட்டும் போகுமா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டு கேட்டாலும் அதுதான் முக்கியமான விஷயம். அதற்குப் பிறகு கிழங்கைச் சூடாக இருக்கும்போதே மாவு சல்லடையில் தேய்த்து இறக்கினோம். ஒரு கட்டிகூட இல்லை.

பரணிலிருந்து முறுக்கு அச்சை எடுத்துத் தந்ததும் அம்மாதான். அதில் மகிழம்பூ முறுக்குக்குப் போடுகிற நட்சத்திர ஓட்டைத் தட்டு இருந்தது. பிரான்சுக்காரர்களின் நட்சத்திர முனையும் நம்ம மகிழம்பூ அச்சும் ஏறக்குறைய ஒன்றுதான்! நேராகப் பிடித்து அழுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி, அழுத்துவதை நிறுத்திவிட்டுத் தூக்க வேண்டும். அழுத்திக்கொண்டே தூக்கினால் வால் நீண்டுவிடும்.

கொடுப்பதற்கு முன்னால், ஆச்சிக்கு விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்க வருகிற அக்காவிடம் காட்டினோம். அவர்கள் ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்துப் பார்த்தார்கள். கிழங்கு மொத்தமாக வழுகி விழ வேண்டும், கரண்டியில் ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடாதாம். ஒட்டினால் தொண்டையிலும் ஒட்டும். என் முதல் நாள் பசையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பால் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தோம்.

வாழையிலைத் துண்டு ஒன்றில் மாலை கோர்த்த மாதிரி ஏழு பூக்களை வரிசையாகப் பிழிந்து ஆச்சி முன்னால் வைத்தேன். பேரைக் கேட்டாள், சொன்னேன். "துரைசாணியா?" என்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சாப்பிடவில்லை. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு இடது கை விரலை நீட்டி மூன்றாவது பூவைக் காட்டினாள். "இது வரிசையில நிக்கல்ல. அதை முதல்ல எடு" என்றாள்.

அந்தப் பூவைத்தான் முதலில் சாப்பிட்டாள். அப்புறம் இன்னும் மூன்று.

"எப்படி ஆச்சி?"

"பூ கொள்ளாம். ருசி கொள்ளாது. உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. துரைசாணிக்கு நாக்கே கிடையாதா?"

அம்மாவுக்கு அது போதும். மறுநாள் உள்ளித்தீயல் வைத்தாள். வறுத்து அரைத்த தேங்காயோடு அந்தக் குழம்பு ஏற்கெனவே கெட்டியாக இருக்கும். அதை அரைத்து வடிகட்டி, திப்பி இல்லாமல் எடுத்தாள். நான் கிழங்கில் நல்லமிளகுப் பொடி சேர்த்து, பூவுக்குப் பதிலாகக் குருவிக்கூடு மாதிரி வட்டமாகப் பிழிந்தேன். நடுவில் தீயல். ஆச்சி அதைக் கரண்டியால் குழைத்துச் சாப்பிட்டாள். இலையில் ஒன்றும் மிச்சமில்லை. மூக்குக் குழாய் பேச்சு அதோடு நின்றது.

சாப்பிட்டு முடித்ததும் பழைய கதையும் வந்தது. 1942-இல் யுத்தத்தில் பர்மா அரிசி வராமல் போனபோது இந்தப் பக்கத்தில் மரச்சீனிக்கிழங்குதான் வயிற்றை நிறைத்ததாம். ஆச்சியின் அம்மை சொல்லி அவள் கேட்டது. மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1956 நவம்பர் 1 வரை நம் ஊர் அந்தப் பக்கத்தோடுதானே இருந்தது! உருளைக்கிழங்கும் மரச்சீனியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. "வந்த கிழங்கையெல்லாம் மசிச்சுத் தின்னுதான் வளந்தோம். இப்பதான் அது பூவா வருது" என்றாள் ஆச்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலது கைக்குப் பயிற்சியாக ஆச்சியிடம் ஒரு பஞ்சுப் பந்து கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தார்கள். "நான் என்ன பந்து விளையாடுக பிள்ளையா?" என்று அதை மூலையில் போட்டுவிட்டாள். ஒருநாள் நான் பிழிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "இங்கின கொண்டா" என்றாள். முறுக்கு அச்சு அவளுக்குக் கடினம். அதனால் தடித்த கவரில் அடைத்துக் கொடுத்தேன். வலது கையில் கவர், அதற்கு மேல் இடது கை. நடுங்கி நடுங்கி ஒரு பூ வந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, மத்தியானத்துக்கு மேல் சந்தையில் கிடக்கிற வாடின பூ மாதிரி இருந்தது. ஆச்சி அதைப் பார்த்துச் சிரித்தாள். இப்போது தினமும் ஐந்து பூ பிழிகிறாள். பந்து மூலையில்தான் கிடக்கிறது.

ஆச்சியால் இன்னும் மாலை கட்ட முடியாது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் இப்போது சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை.

நண்பர்களே, நம் வீடுகளில் வயசானவர்களும் நோயாளிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை என்று நாம் எதையோ கரைத்துக் கொடுத்துவிட்டு, சாப்பிடவில்லையே என்று கோபப்படுகிறோம். மசித்துக் கொடுத்தால் மட்டும் போதாது, மதித்தும் கொடுக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கிழங்கிடமிருந்துதான்.

இனி நீங்கள் சிரிக்கலாம்.

செய்து பாருங்கள்

தேவையானவை: உருளைக்கிழங்கு அரை கிலோ, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, சூடான பால் 2 அல்லது 3 மேசைக்கரண்டி, உப்பு, நல்லமிளகுப் பொடி.

1. கிழங்கைத் தோலோடு, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் வைத்து அவிக்கவும். தோலோடு அவித்தால் தண்ணீர் அதிகம் ஏறாது.

2. சூட்டோடு தோலை உரித்து, சல்லடையில் தேய்க்கவும். மிக்சி வேண்டாம்!

3. முதலில் வெண்ணெய், பிறகு பால், உப்பு, மிளகுப் பொடி. அதிகம் கிண்டக்கூடாது.

4. மகிழம்பூ அச்சில் போட்டுப் பிழியவும்.

5. வீட்டில் மற்றவர்களுக்கு என்றால் ஒரு முட்டை மஞ்சள் கருவும் சேர்த்து, நெய் தடவிய தோசைக்கல்லில் பிழிந்து, மூடி போட்டுச் சிறு தீயில் அடி சிவக்க விடலாம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சிவக்க விடக்கூடாது, மொறுமொறுப்பு தொண்டையில் சிக்கும். அவர்களுக்கு எதைக் கொடுப்பதானாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுக்கவும்.



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்