காற்றுக்கு ஓர் உரைகல்

பொன்னின் மாற்றைக் கண்பார்வையாலேயே ஊகிக்க வல்லவர் சிராங்கூன் சாலையில் இருக்கக்கூடும். ஆயினும் சோதித்துப் பாராமல் பழம்பொன்னுக்கு விலை பேசுவார் உண்டோ? ஜாலான் புசார் பக்கம் நெடுங்காலம் இயங்கிவந்த மோட்டார்த் தொழிலுக்கும் இவ்வறிவு பொருந்தும். ஆங்கு சோதிக்கப்பட வேண்டியது காற்று.

மோட்டார் இயந்திரம் காற்றை இழுத்து, எரிபொருளோடு எரித்து வெளியேற்றுகிறது. உள்ளே புகும் காற்றின் அளவே அதன் ஆற்றலுக்கு எல்லை. அக்காற்று செல்லும் வழிகளும் வால்வுகளும் அமைந்த பகுதி சிலிண்டர் ஹெட். அவ்வழியைக் கடைந்து அகலமாக்கினால் ஆற்றல் பெருகும் என்பது பலரது எண்ணம். அளவு மீறிய அகலமோ காற்றின் விரைவைக் குறைத்து, தாழ்ந்த வேகத்தில் வண்டியின் இழுவையைக் கெடுக்கும். மேலும் கடைந்தால் குளிர்நீர் ஓடும் அறைச் சுவரே துளைபடும்.

இதனை அளந்தறியும் கருவியே ஃப்ளோ பெஞ்ச். சிலிண்டர் ஹெட்டை அதன்மேல் பொருத்தி, வால்வைப் படிப்படியாகத் திறந்து, ஒரே அழுத்த வேறுபாட்டில் செல்லும் காற்றைக் கணக்கிடுவர். 28 அங்குல நீர்மட்ட வேறுபாடு பலர் கைக்கொள்ளும் அளவு. அழுத்த வேறுபாடு நான்கு மடங்கானால் காற்றோட்டம் இரு மடங்கே ஆகும். ஆகவே அழுத்தத்தைக் குறிப்பிடாத எண்ணுக்குப் பொருளில்லை.

பிரிட்டனின் ஹாரி வெஸ்லேக் (1897–1978) காற்றோட்டத்தை அளந்தே இயந்திரங்களைத் திருத்திப் புகழ் பெற்றார். 1948இல் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்கே இயந்திரத்திலும் அவர் பங்கு உண்டு. சிங்கப்பூரும் இவ்வார்வத்துக்குப் புதியதன்று. 1961 முதல் 1973 வரை மேல் தாம்சன் சாலையில் பந்தயங்கள் நடைபெற்றன. சுமார் 4.8 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் நேர்வழிக்கு உச்ச வேகமும், கொண்டை ஊசி வளைவுக்கு இழுவையும் வேண்டியிருந்தன.

கருவியை வாங்குவதா, செய்துகொள்வதா? நாள்தோறும் இத்தொழில் செய்யும் பட்டறைக்கு வாங்கியதே ஏற்றது. பிறர் அளவுகளோடு ஒப்பிடவும் அது துணைபுரியும். ஆண்டுக்கு ஓரிரு முறை சோதிப்பவருக்கு மரப்பெட்டி, தூசி உறிஞ்சியின் மோட்டார்கள், துல்லியமான துளையிட்ட தகடு, நீர் நிரப்பிய வளைகுழாய் ஆகியவை போதும். அழுத்தத்தை மின்னணு முறையில் அளக்க விரும்புவோர் சிம் லிம் டவர் கடைகளை நாடலாம். முதலில் வாயை முற்றும் அடைத்துச் சோதிக்க வேண்டும். அப்பொழுதும் காற்றோட்டம் தென்படின் அது பெட்டியின் கசிவு. அதனைக் கழித்தே கணக்கிட வேண்டும். இத்தகைய கருவியின் எண் உலகத்துக்குப் பொதுவாகாது. கடைவதற்கு முன்னும் பின்னும் நேர்ந்த வேறுபாட்டை மட்டும் அது உண்மையாகக் காட்டும்.

அவ்வுண்மையை ஏற்கும் மனமும் வேண்டும். பல மணி நேரம் பாடுபட்டுப் பளபளப்பாக்கிய வழியில் காற்றோட்டம் முன்னினும் குறைந்திருப்பதாகக் கருவி காட்டலாம். கூலி கொடுக்கக் காத்திருப்பவரிடம் அவ்வெண்ணைச் சொல்வது எளிதன்று. அகற்றிய உலோகத்தை மீண்டும் ஒட்டுவதும் எளிதன்று. ஆதலின் சிறிது கடைந்து, அளந்து, பின்னர் மேலும் கடைவதே நல்ல தொழிலாளியின் வழக்கம். சாலையில் ஓடும் வண்டியாயின் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும் கருத வேண்டும்.

கைத்திறன் பெருமைக்குரியதே. அத்திறனைத் தானே சோதனைக்கு உட்படுத்தும் துணிவு அதனினும் பெரிது. மாணவர் எத்தொழிலை மேற்கொள்ளினும், தமக்கெதிராகச் சான்று கூறும் அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துக்கொள்வாராக.