'ஆமாங்க' என்று சொல்லும் அம்மாக்கள்

"ஆட்டிசம் கேள்வித்தாளில் சாதி எங்கே வருகிறது?" என்று ஒரு மாணவத் தோழர் கேட்டார். நல்ல கேள்வி.

எம்-சாட் என்ற அந்தக் கேள்வித்தாள் 2001-இல் அமெரிக்காவில் வெளியானது. இப்போதைய திருத்திய வடிவம், 16 முதல் 30 மாதக் குழந்தைகளைப் பற்றிப் பெற்றோரிடம் 20 கேள்விகள் கேட்கிறது. ஆட்டிசம் உண்டா என்று அது முடிவு சொல்லாது; எந்தக் குழந்தையை மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டும்.

அதைத் தமிழாக்க அகராதி போதாது. 'பாசாங்கு விளையாட்டு' என்றால் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மாவுக்கு என்ன புரியும்? "கொட்டாங்குச்சியில மண்ண வச்சு, சோறுன்னு ஊட்டி விளையாடுதா?" என்றால் புரியும். சத்தத்துக்கு மிரளுமா என்பதற்கு மூலத்தில் உள்ள உதாரணம் தரை உறிஞ்சும் இயந்திரம். நமக்கு மிக்ஸியும் மைக்செட்டும். 'கை காட்டுதா?' என்று மொட்டையாகக் கேட்பதும் தவறு. மிட்டாய் வேண்டும் என்று காட்டுவது வேறு. "அந்தா பாரு, டிராக்டர்" என்று காட்டுவது வேறு. மூலத்தில் அவை இரண்டு தனிக் கேள்விகள்.

இதைவிடப் பெரிய சிக்கல் 'ஆமாம்' என்ற பதிலில் இருக்கிறது. 20 கேள்விகளில் 17-க்கு 'ஆமாம்' என்றால் குழந்தை நலம் என்று பொருள். கையில் பேப்பரோடு வருகிறவர் எதைக் கேட்டாலும் "ஆமாங்க, நல்லாருக்குங்க" என்று சொல்லித்தான் நம் தெருப் பெண்கள் காலம் தள்ளியிருக்கிறார்கள். எதிர்த்தோ தயங்கியோ பேசினால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 3 முதல் 7 மதிப்பெண் வந்தால்தான் உதாரணம் கேட்டு விசாரிக்கும் இரண்டாம் கட்டம் உண்டு. அந்த 17-க்கும் தலையாட்டிய அம்மாவின் குழந்தை முதல் கட்டத்திலேயே விடுபட்டுவிடலாம்.

இலங்கையில் சிங்களத்தில் இதைப் பயன்படுத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஆட்டிசம் இருந்த குழந்தைகளில் நாலில் ஒன்றைத்தான் கேள்வித்தாள் பிடித்தது. பிறகு அங்கே படங்களைக் காட்டிக் கேட்கும் முறையை உருவாக்கினார்கள்.

அம்மா துணிந்து சொன்னாலும், "உங்க பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்" என்று திருப்பி அனுப்பும் வாய்கள் உண்டு. நான் காதால் கேட்டிருக்கிறேன். அது மருத்துவம் அல்ல, சாதி.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தை ஏற்கிறது. 2013-இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டப்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். மேலூரிலோ வாடிப்பட்டியிலோ குழு வரும் நாளில் அங்கே போய் நில்லுங்கள். வரிசையில் நிறுத்தாமல், உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அம்மா கூலி வேலைக்குப் போயிருந்தால், பகலெல்லாம் பிள்ளையைப் பார்க்கும் அப்பத்தாவையும் கேட்கச் சொல்லுங்கள். "செய்யுமா?" என்பதோடு நிறுத்தாமல், "எப்படிச் செய்யும், சொல்லுங்க" என்று கேட்க வையுங்கள்.

ஜெய் பீம்.