கட்டப்பட்ட கைகள்

நோயாளி ஒருவரின் கைகளைக் கட்டிலோடு பிணைத்து வைத்தல் கொடுமை என்றே எவரும் கூறுவர். ஆயினும் உலகின் பல நாடுகளில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அது அன்றாட வழக்கம். மணிக்கட்டைச் சுற்றி ஒரு துணிச்சுருள்; அதன் மறுமுனை கட்டிற் சட்டத்தில். கட்டுபவர் பெரும்பாலும் தாதியே. ஆதலால் பழியும் அவர் தலையிலேயே விழுகின்றது. இப்பழி நியாயமானதா?

எமது மூத்த உறவினர் ஒருவர் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு கிடந்த நாட்களில், தாதியர் சிலரோடு இதுபற்றி உரையாடும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. கல்நெஞ்சர் எவரையும் நாம் அங்கே காணவில்லை. வாயினூடாகச் சுவாசக் குழாய் செலுத்தப்பட்டவர் பேச இயலாதவர். நோயும் மருந்தும் உறக்கமின்மையும் அவரது சித்தத்தைக் கலக்கிவிடுகின்றன. தொண்டையை உறுத்தும் குழாயைப் பிடுங்க அவர் முயல்வது இயல்பே. பிடுங்கினாலோ சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

"கட்டாமல் விட்டா இழுத்துப்போடுவார், ஐயா. பிறகு ஆரைக் கேப்பினம்? என்னைத்தானே!" என்றார் ஒரு தாதி. மற்றொருவர், ஒவ்வொரு முறையும் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கட்டுவதாகச் சொன்னார். அச்சமும் குற்ற உணர்வும் ஒரே நெஞ்சிற் குடியிருக்கும் இந்நிலையைப் பிறநாட்டு ஆய்வுகளும் எடுத்துக் காட்டியுள்ளன.

கட்டுவதாற் குழாய் காக்கப்படுகின்றதா? கட்டப்பட்ட நோயாளரும் குழாயைப் பிடுங்கியே விடுகின்றனர் என்பது பலமுறை கண்டறியப்பட்ட உண்மை. கட்டினால் தோல் புண்படுகின்றது. சித்தக் கலக்கம் மிகுவதும் உண்டு. பிழைத்து வீடு திரும்பியோருட் சிலர், தாம் எங்கோ சிறைவைக்கப்பட்டிருந்ததாகவே அந்நாட்களை நினைவுகூர்கின்றனர்.

பிரித்தானியாவில் இவ்வழக்கம் அரிது. அங்குள்ள தாதியர் எம்மவரிலும் கருணை மிக்கவர் என்பதனாலா? சுவாசக் கருவியிலுள்ள நோயாளி ஒருவருக்குத் தாதி ஒருவர் என்பது அங்கே நியமம். மருந்தால் மயக்கி வைப்பதும் ஒருவகைக் கட்டே என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், அருகில் ஒருவர் இருந்து கையைப் பற்றி, "இது வைத்தியசாலை, பயப்படாதே" என்று சொல்ல முடியுமானால், துணிச்சுருளின் தேவை பெரிதும் குறைந்துவிடும்.

தீவிர சிகிச்சையின் பிறப்பே மனிதக் கைகளால் நிகழ்ந்தது. 1952இல் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது சுவாசக் கருவிகள் போதவில்லை. இப்சன் என்னும் வைத்தியர் காட்டிய வழியில், ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து நோயாளரின் அருகிலிருந்து, இறப்பர்ப் பைகளைக் கையால் அமுக்கி இரவுபகலாக மூச்சளித்தனர். அன்று ஒவ்வொரு கட்டிலருகிலும் ஓர் ஆள் இருந்தார். இன்று இயந்திரம் வந்துவிட்டது. அந்த ஆளைச் செலவெனக் கருதி நீக்கிவிட்டோம்.

எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் தாதியர் பலர் கடல் கடந்தனர். எஞ்சியோர் அவர்களது சுமையையும் சேர்த்துச் சுமக்கின்றனர். கருணை காட்டுவதற்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்தைப் பறித்துவிட்டுத் தாதிக்கு அறம் போதிப்பது எவ்வகையில் நீதி?

ஆகவே நாம் கோருபவை சில. தாதியர் வெற்றிடங்கள் நிரப்பப்பட வேண்டும். வாசலிற் காத்திருக்கும் மகளை உள்ளே விடவேண்டும்; தந்தையின் கையைப் பிடித்திருக்க அவளாலும் முடியும். கட்டிய நேரமும் காரணமும் அவிழ்த்த நேரமும் எழுதப்பட வேண்டும். குழாய் கழன்ற மறுநாள் விசாரணையில், "தாதி என்ன செய்தாள்?" என்று கேட்குமுன், "அவ்விரவில் எத்தனை நோயாளருக்கு எத்தனை தாதியர் இருந்தனர்?" என்று கேட்க வேண்டும்.