நாளுக்கொரு பலகாரம்

நாட்காட்டியின் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு சிறப்புப் பெயர் ஏறிவிட்ட காலம் இது. ஆசிரியர் நாள், செவிலியர் நாள், அன்னையர் நாள் என்பவற்றை நாம் அறிவோம். அமெரிக்க நாட்டிலோ தின்பண்டங்களுக்கும் தனித்தனி நாள் உண்டு. அங்குள்ள டோனட் கடைகள் அத்தகைய நாள் ஒவ்வொன்றையும் கொண்டாடி வாடிக்கையாளரை மகிழ்விக்கின்றன. மைதா மாவை வளையமாக்கி, எண்ணெயில் பொரித்து, சர்க்கரை தூவித் தருவதே டோனட். நம் உளுந்து வடைக்கு மேலைநாட்டு உறவு என்று சொல்லலாம்.

இவையெல்லாம் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் டோனட் நாளின் பிறப்பு வேறு. முதல் உலகப் போரின்போது, 1917இல், இரட்சணிய சேனையைச் சேர்ந்த பெண்கள் பிரான்சு நாட்டுப் போர்முனைக்குச் சென்றார்கள். கையில் மாவும் கொழுப்பும் சர்க்கரையுமே இருந்தன. புட்டியை உருட்டுக்கட்டையாக்கி மாவைத் தேய்த்து, ஒரு சிறிய சட்டியில் ஏழேழாகப் பொரித்துப் போர்வீரருக்குக் கொடுத்தார்கள். அப்பெண்களைச் சிறப்பிக்கவும், பொருளாதார மந்தத்தில் வாடிய ஏழைகளுக்கு நிதி திரட்டவும் 1938இல் சிகாகோ நகரில் டோனட் நாள் தொடங்கப்பட்டது. இன்றும் ஜூன் மாதத்து முதல் வெள்ளியன்று அது வருகிறது.

இந்த எண்ணத்துடன்தான் நாம் மதுரையிலிருந்து தெற்கே, விருதுநகர்ச் சீமைக்குப் பயணப்பட்டோம். நாளும் பலகாரமும் இணைபிரியாத மண் அது.

விருதுநகரில் பொழுது சாய்ந்ததும் கடைவீதிகளில் பரோட்டா வாசம் எழும். மைதா மாவைப் பிசைந்து, விசிறிபோல் வீசி, மடித்துச் சுற்றி, குழிந்த அகன்ற கல்லில் எண்ணெய் நிறைய விட்டுப் பொரித்தெடுக்கிறார்கள். மொறுமொறுப்பான அந்த எண்ணெய்ப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிக்கொண்டால், டோனட் கடையை எவரும் தேடமாட்டார். சாத்தூருக்குப் போனால் காராச்சேவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலும் சர்க்கரையும் மட்டுமே சேர்த்து, கைவிடாமல் கிண்டி இறக்கும் பால்கோவா. அதற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உறவினர் வீட்டுக்கு இவ்வழியே செல்வோர் இவற்றில் ஒன்றேனும் வாங்காமல் கடப்பதில்லை.

பலகாரத்தைவிட மேலான ஓர் உணவின் நினைவும் இவ்வூருக்கு உண்டு. 1903 ஜூலை 15 அன்று இங்கே பிறந்த காமராசர், இளமையிலேயே தந்தையை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டவர். அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்த பிள்ளை பாடம் கேளாது என்ற எளிய உண்மையே அதன் அடித்தளம். அவருடைய பிறந்த நாள் இன்று கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகளில் கொண்டாடப்படுகிறது. அன்று குழந்தைகளின் கையில் வைக்கப்படும் மிட்டாய்க்குப் பின்னால் ஒரு பிடி சோற்றின் வரலாறு இருக்கிறது.

விருதுநகரிலிருந்து சிவகாசி தொலைவில் இல்லை. வழியெங்கும் கரிசல் காடு. மழை குறைவு, வெயில் மிகுதி. உழவுக்கு இடர் தந்த அந்த வறட்சியே தீப்பெட்டிக்கும் வெடிக்கும் அச்சுக்கும் துணையாயிற்று. 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன் பின் எழுந்த தொழில்களே இவ்வூரின் இன்றைய உருவம்.

உலகம் கொண்டாடும் நாள்களைத் தாளில் அச்சிட்டுத் தருவதும் சிவகாசிதான். ஆடிப்பெருக்கன்று பூசை போட்டு அடுத்த ஆண்டின் நாட்காட்டி வேலையைத் தொடங்குகிறார்கள். தாள்களை அச்சிட்டு, வரிசை பிசகாமல் அடுக்கி, தகரப் பட்டை பொருத்தி, அட்டையில் சேர்க்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் புனிதரின் படத்தோடு தொங்கும் நாட்காட்டியும் பெரும்பாலும் இவர்கள் கைபட்டு வந்ததே.

அத்தாள்களைப் புரட்டுகையில் செப்டம்பர் 5 ஆசிரியர் நாளாக நிற்கிறது. ஊர்தோறும் மாணவர் ஆசிரியருக்கு இனிப்பு வழங்கும் நாள். ஆனால் 2012ஆம் ஆண்டில் அதே நாளில்தான், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயைக் கண்டு ஓடிவந்த ஊர்மக்கள் பலரும் அதில் சிக்கினர். தீபாவளி என்னும் ஒரே நாளுக்காக ஆண்டெல்லாம் திரி நறுக்கி, சரம் பின்னி, மருந்து அடைக்கும் மக்கள் இவர்கள். விடியற்காலையில் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு பேருந்து ஏறும் பெண்கள், மாலையில் வீடு திரும்புவது பிறருக்குச் சாதாரணம்; அவர்கள் வீட்டாருக்கு அதுவே கொடை.

இன்னொன்றும் மறக்கலாகாது. பள்ளிக்குச் சோறு தந்த காமராசர் பிறந்த இதே மண்ணில்தான், நெடுங்காலம் சிறு பிள்ளைகளின் விரல்கள் தீக்குச்சி அடுக்கின. 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம், ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி செலுத்த வேண்டும் என்றும், அப்பிள்ளைகளின் கல்விக்கு வழிசெய்ய வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சட்டமும் பள்ளியும் சேர்ந்து அந்த நிலையைப் பெரிதும் மாற்றின. ஜூன் 12 இன்று குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள். டோனட் நாள் கழிந்த சில நாள்களில் அது வருகிறது. அதற்கென்று எந்தக் கடையும் பலகாரம் பொரிப்பதில்லை.

பண்டிகைக்குப் பலகாரம் செய்வது நமக்கும் பழக்கமானதே. தவக்காலத்துக்கு முன் வீட்டிலுள்ள கொழுப்பைத் தீர்ப்பதற்காகப் போலந்து நாட்டுக் கத்தோலிக்கர் ஒரு வியாழன் முழுவதும் பொரித்த இனிப்புருண்டைகளை உண்பர். உண்பது குற்றமன்று. யாருடைய உழைப்பை உண்கிறோம் என்பதை மறப்பதே குறை. போர்முனையில் சட்டி பிடித்த பெண்களை மறந்தால் டோனட் நாள் வெறும் விற்பனை. கரிசல் காட்டுப் பெண்களை மறந்தால் தீபாவளி மத்தாப்பு வெறும் புகை.

மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955இல் அதை ஏற்படுத்தினார். அடுத்த மே நாளன்று நம் குடும்பங்கள் ஒரு பலகாரம் செய்யட்டும். வீட்டுக்குப் பால் ஊற்றுபவர், தெருவைப் பெருக்குபவர், தையல் தைத்துத் தருபவர் ஆகியோருக்கு முதற்பங்கு போகட்டும். கொண்டுபோய்க் கொடுப்பது வீட்டுப் பிள்ளைகளாக இருக்கட்டும். வாங்கிக்கொள்பவரின் பெயரையும் அன்று அவர்கள் கேட்டறிந்து வரட்டும்.