நிறுத்தக் கற்ற கை

கராத்தே என்றதும் ஓடுகளை உடைக்கும் கையும் உயரப் பாயும் காலுமே பலர் மனக்கண்ணில் தோன்றும். பல ஆண்டுகள் இக்கலையைப் பயின்ற எனக்கோ, முழு வேகத்தோடு புறப்பட்டு, எதிரில் நிற்பவரின் முகத்திற்குச் சற்று முன்பாகவே அசையாது நின்றுவிடும் கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தாக்கும் ஆற்றலைத் தேடி வருவோர்க்கு அந்த ஆற்றலை அடக்கியாளவும் கற்பிக்கும் கலை இது.

இதன் தாயகம் ஒகினாவாத் தீவு. இன்று ஜப்பானின் தென்பகுதியாக உள்ள அத்தீவு, முற்காலத்தில் ரியூக்கியூ என்னும் தனியரசின் நடுவிடமாக விளங்கியது. சீனத்தோடு கொண்ட உறவினால் அங்கு வந்த போர்க்கலை, தீவு மக்களின் கைப்போர் முறையோடு கலந்து வளர்ந்தது. நெடுங்காலம் மறைவாகப் பயிலப்பட்ட அதனை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கோ இட்டோசு என்னும் ஆசான் பள்ளிக் கல்விக்குள் கொண்டுவந்தார். அவருடைய மாணவரும் பள்ளி ஆசிரியருமான கிச்சின் புனாகோசி, 1922இல் டோக்கியோவில் இக்கலையைச் செய்துகாட்டினார்.

'தே' என்றால் கை. 'கரா' என்னும் ஒலிக்குச் சீனத்தைக் குறிக்கும் எழுத்தும் உண்டு. வெறுமையைக் குறிக்கும் எழுத்தும் உண்டு. முன்பு 'சீனக் கை' என்று எழுதப்பட்ட பெயரை 'வெறுங்கை' என்று எழுதும் வழக்கத்தைப் புனாகோசி பரப்பினார். படைக்கலம் ஏந்தாத கை என்பது அதன் மேற்பொருள். தன்னலமும் தீய எண்ணமும் நீங்கிய உள்ளம் என்பது உட்பொருள்.

பயிற்சிக்கூடத்தின் பெயர் 'தோஜோ'. நெறி பயிலும் இடம் என்பது அதன் பொருள். மரபுவழிக் கூடங்களில் பயிற்சி வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடியும். இடைக்கச்சையின் நிறம் எதுவாயினும், தரையைத் துடைக்கும் பணி அனைவர்க்கும் பொது. குனிந்து துடைக்கும்போதே பணிவு என்னும் முதற்பாடம் தொடங்கிவிடுகிறது.

உடலுக்கான பயிற்சி மூவகைப்படும். நிற்றல், குத்துதல், தடுத்தல் முதலிய அடிப்படைகள் 'கிகோன்'. அவற்றைக் கோத்தமைத்த அசைவுத் தொடர் 'கத்தா'. இருவர் எதிர்நின்று பயில்வது 'குமித்தே'. புனாகோசியின் மரபில் தொடக்க மாணவர் பயிலும் கத்தா 'ஹெய்யான் ஷோதான்'. அதன் முதல் அசைவு தடுப்பு. இறுதி அசைவும் தடுப்பே. முதலில் கை ஓங்கலாகாது என்பது புனாகோசி வகுத்த நெறிகளுள் ஒன்று. அந்நெறியைச் சொல்லால் அறியுமுன் உடலால் அறிந்துகொள்கிறான் மாணவன்.

ஒரே கத்தாவை நூறு முறை செய்யும்போது சலிப்பு வரும். அச்சலிப்பைக் கடந்தால் நம் மனமே நமக்குத் தெரியத் தொடங்கும். சினத்தோடு குத்தினால் தோள் இறுகும். தோள் இறுகினால் கையின் வேகம் குறையும். அச்சத்தோடு நின்றால் மூச்சு மேலேறும்; மூச்சு மேலேறினால் கால் நிலைகொள்ளாது. சினம் தீது என்று பலரும் எனக்குச் சொன்னதுண்டு. அது வலிமையைக் கெடுக்கும் என்பதை என் தோளே எனக்கு உணர்த்தியது.

இவையனைத்தும் ஒன்றுகூடும் இடம் 'சுன்தொமே'. 'சுன்' என்பது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமுள்ள பழைய ஜப்பானிய அளவு. விரைந்து செல்லும் கையை அந்த அளவு இடைவெளியில் நிறுத்துவதே இப்பயிற்சி. மெதுவாகக் குத்தி நிறுத்துதல் எவர்க்கும் எளிது. முழு வேகத்தில் குத்தி நிறுத்துவதற்கு உறுதியான காலும், சீரான மூச்சும், தொலைவை அளக்கும் கண்ணும், கலங்காத மனமும் ஒருங்கே வேண்டும். எதிரில் நிற்பவர் என் கையை நம்பித் தம் முகத்தை ஒப்படைத்திருக்கிறார். அந்த நம்பிக்கையைக் காப்பதே அக்கணத்தில் என் வீரம். அடுத்த முறை அவர் கைக்கு முன்னே என் முகம் நிற்கும்.

கூடத்திற்கு வெளியே கை ஓங்கும் சூழல் அரிதாகவே வரும். சொல் ஓங்கும் சூழலோ நாள்தோறும் வரும். சினந்து எழும் சொல்லும் விரைந்து செல்லும் கையைப் போன்றதே. அது பிறர் நெஞ்சைத் தொடுமுன் நிறுத்தும் ஆற்றல் ஒருவர்க்கு வாய்க்குமாயின், அவர் பயின்ற கலை உடலைக் கடந்து உள்ளத்தையும் அடைந்துவிட்டது எனலாம்.