திருவண்ணாமலையில் ஒரு பந்தி

பெர்லின் நகரத்தில் உத்தியோக நிமித்தமாக நான் ஐந்து வருஷம் வசித்தேன். "எந்த ஊர்?" என்று அங்கே யாராவது கேட்டால், "திருவண்ணாமலை" என்பேன். கேட்டவர் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, மெள்ள வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மாலை வேளையில் வரும் பசியைத்தான் பொறுக்க முடியவில்லை. மாமிசம் புசிக்காதவனுக்கு அந்த ஊரில் உருளைக்கிழங்கே உற்றார், ரொட்டியே உறவினர்.

ஒருநாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கிராய்ட்ஸ்பெர்க் என்னும் பகுதியில், விளக்கு வெளிச்சம் தெரிந்த ஒரு துருக்கிச் சாப்பாட்டுக் கடையின் வாசலில் ஒதுங்கினேன். துருக்கியருக்குப் பெர்லினில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். 1961-ஆம் வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி, மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆலைகளில் வேலை செய்ய ஆட்கள் வேண்டியிருந்தது. கொஞ்ச காலம் உழைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்றுதான் இரு தரப்பாரும் எண்ணினார்கள். வந்தவர்களில் அநேகர் திரும்பவில்லை. அவர்களோடு வந்த அடுப்பும் அணையவில்லை.

வாசலில் சுழன்றுகொண்டிருந்த மாமிசக் கம்பத்தைக் கண்டதும் நான் திரும்பிப் போக எத்தனித்தேன். கடைக்காரர் வயதானவர், மீசை நரைத்தவர். "மாமிசம் வேண்டாமா? அதற்கென்ன, உள்ளே வாரும்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தார்.

முதலில் ஒரு கிண்ணத்தில் சூடான பருப்புச் சாறு வந்தது. மைசூர்ப் பருப்பைக் குழைய வேகவைத்து, வெண்ணெயில் மிளகாய்த் தூளைப் பொரித்து மேலே ஊற்றியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு துண்டு எலுமிச்சம்பழம். பிழிந்து ஒரு வாய் குடித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. காரத்தினால் அன்று. பிறகு 'அய்ரான்' என்று ஒரு பானம். தயிரில் நீர் விட்டு, உப்புப் போட்டுக் கலக்கியது. நம் நீர்மோரின் ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். கறிவேப்பிலையும் பெருங்காயமும் இல்லாத குறைதான். தயிருக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'யோகர்ட்' என்ற பெயரே துருக்கியரிடமிருந்து கடன் வாங்கியதுதான்.

கடைசியாக வந்தது கத்தரிக்காய். அதை நடுவில் பிளந்து, வெங்காயமும் தக்காளியும் பூண்டும் அடைத்து, ஆலிவ் எண்ணெயில் பதமாக வேகவைப்பார்கள். அதன் பெயருக்கு 'இமாம் மூர்ச்சை போட்டார்' என்று பொருள். ருசியில் மயங்கி விழுந்தார் என்று சிலர் சொல்லுகிறார்கள். செலவான எண்ணெயின் கணக்கைக் கேட்டு விழுந்தார் என்று வேறு சிலர். எங்கள் வீட்டு எண்ணெய்க் கத்தரிக்காயை அறிந்தவனாதலால், நான் இரண்டு கட்சியையும் ஒப்புக்கொள்ளுகிறேன்.

சாப்பாடு முடியும்வரை அந்தப் பெரியவர் தம் நாற்காலியை என் மேஜைக்கருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார். என் மதத்தையோ ஜாதியையோ அவர் விசாரிக்கவில்லை. சமைத்தவரைத் துருக்கியர் எப்படிப் பாராட்டுவார்கள் என்பதையும் சொல்லிக்கொடுத்தார்: "உங்கள் கைகளுக்கு ஆரோக்கியம் உண்டாகட்டும்."

ஐந்து வருஷம் கழிந்து, சென்ற மார்கழியில் ஊர் திரும்பினேன். குளிர் மாதங்களில் எங்கள் ஊரிலும் அயல்நாட்டார் நிறைந்துவிடுகிறார்கள். இது புதிதன்று. 1934-இல் பால் பிரண்டனின் புத்தகம் வெளியான பிறகு, ஸ்ரீ ரமணரைத் தேடி வந்தவர்கள் பலர். 1935-இல் சாட்விக் என்ற ஆங்கிலேயர் வந்தார். 1936-இல் கோஹன் என்னும் யூதர் வந்தார். அவர் பிறந்த இராக், அந்நாளில் துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்த நாடு. எல்லோருக்கும் எது பரிமாறப்படுகிறதோ அதுவே தமக்கும் போதும் என்பது ரமணரின் பிடிவாதம். ஆயினும் அக்காலத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணருக்கும் மற்றவருக்கும் நடுவே ஒரு தடுப்பு இருந்தது. இரு பந்தியாரும் காணும்படியான இடத்தில் அவருடைய இலை இருக்கும்.

இப்பொழுது செங்கம் சாலையில் அயல்நாட்டாருக்கென்றே சிற்றுண்டிச் சாலைகள் இருக்கின்றன. ஒன்றில் நுழைந்து பார்த்தேன். விலைப் பட்டியலைப் படித்ததும், இமாமைப் போல் நானும் மூர்ச்சை போட வேண்டியதுதான். சுற்றிலும் பார்த்தேன், உள்ளூர் முகம் ஒன்றுகூட இல்லை. தடுப்பைத் தட்டியால்தான் கட்டவேண்டும் என்பதில்லை. விலையாலும் கட்டலாம் போலிருக்கிறது.

கிரிவலப் பாதையில் ஒரு ஜெர்மானிய மூதாட்டியின் பரிச்சயம் ஏற்பட்டது. பதினான்கு கிலோமீட்டரும் வெறுங்காலுடன் நடந்துவந்தார். என் அரைகுறை ஜெர்மன் மொழியைக் கேட்டு மகிழ்ந்தார். மூன்று மாதமாக இவ்வூரில் இருந்தும் ஒரு வீட்டிலும் சாப்பிட்டதில்லை என்றார். மறுநாளே அழைத்துவிட்டேன்.

அம்மா விடியற்காலையிலேயே எழுந்து சமைத்தாள். ஆனால் விருந்தாளி வந்ததும் பார்க்கிறேன்: அவருடைய இலை முன்கூடத்தில் தனியாக விரிக்கப்பட்டிருந்தது, என்னுடையது உள்ளே, வழக்கமான இடத்தில்.

"ஏனம்மா?" என்றேன், தாழ்ந்த குரலில்.

"அந்நிய மனுஷி. உள்ளே எப்படியப்பா?" என்றாள் அம்மா. அவள் குரலில் வெறுப்பு இல்லை. எழுபது வருஷத்துப் பழக்கம்தான் இருந்தது.

அம்மாவோடு வாதாட எனக்குத் தைரியம் வரவில்லை. பனியில் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்த அந்த மீசைக்காரரின் நினைவு வந்தது. என் இலையை எடுத்துக்கொண்டு போய், மூதாட்டியின் இலைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அம்மா சமையலறை வாயிற்படியில் சிறிது நேரம் அசையாமல் நின்றாள். நான் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு சாதக் கரண்டியின் சத்தம் கேட்டது. முதலில் விருந்தாளிக்குப் பரிமாறிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள்.

ரசம் சாதம் முடிந்ததும், "சமைத்தவருக்கு என்ன சொல்லவேண்டும்?" என்று மூதாட்டி கேட்டார். எனக்குத் தெரிந்த துருக்கி வாழ்த்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். அவர் அதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. "கைக்கு என்னவாம்?" என்று தன் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா, கேள்" என்றாள்.

மறுநாள் காலை கடைக்குப் போய் வந்த அம்மா, பையை என் முன்னே வைத்தாள். "அந்த அம்மாள் மறுபடியும் எப்போது வருவார்களாம்? கத்தரிக்காய் பிஞ்சாகக் கிடைத்தது."